கோவையில் செக்கிழுத்தது மட்டும்தானா? வ.உ.சி. கப்பலுக்கு ஆள் சேர்த்த கதை!

கோவைக்குக் கடல் கிடையாது. ஆனா, கப்பல் விட்ட ஒருவர் பெயரில்தான் இங்கே பூங்காவும் மைதானமும் இருக்கு. வ.உ.சி.க்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்புன்னு கேட்டா, சிறையில் செக்கிழுத்தார் என்பதோடு பலரும் நிறுத்திடுவாங்க. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளையைப் போலவே இவரும் வக்கீல். தூத்துக்குடியில் தொழில் பார்த்தபோது, கொழும்புக்குப் போகும் கப்பல் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்தது. சரக்கோ, ஆளோ, அவர்கள் வைத்ததுதான் கட்டணம்.

கப்பலுக்கு யார் வந்தாங்க?

முதலில் தேவைப்பட்டது பணம். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்.

அடுத்தது கப்பல். முதலில் வாடகைக்கு எடுத்தாங்க. பிரிட்டிஷ் நிறுவனம் நெருக்கடி கொடுத்ததும், வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கிட்டாங்க. வ.உ.சி. மும்பைக்கே போய்ப் பணம் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

கப்பல் இருந்தாப் போதுமா, ஓட்ட ஆள் வேணுமே? இதையும் அவர் யோசித்திருந்தார். இந்தியர்களுக்கும் இலங்கை உள்ளிட்ட ஆசிய நாட்டினருக்கும் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்றுத் தரணும், அதற்குக் கல்விக்கூடமும் கப்பல் கட்டும் தளமும் வேணும் என்பது சங்கத்தின் நோக்கங்களிலேயே இருந்தது. வெள்ளைக்காரக் கப்பலுக்குப் போட்டியாக ஒரு கப்பல் விடுவதோடு நிற்காமல், கடல் தொழிலையே நம்மவர்கள் கைக்குக் கொண்டுவருவதுதான் திட்டம்.

குடையும் இலவசம்!

போட்டி சூடுபிடித்தது. பிரிட்டிஷ் நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பல் அரை ரூபாய்க்கு இறங்கியது. கடைசியில் பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம்னு அவங்க அறிவிச்சாங்க. ஆனாலும், சுதேசிக் கப்பலைத் தேடிப் போன பயணிகள் இருந்தாங்க.

கோவைச் சிறைக்கு வந்தது எப்படி?

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. முன்னின்றார். மார்ச் 12-ம் தேதி கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு 40 ஆண்டு தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை கோவை மத்திய சிறை. மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தது இங்கேதான். சிறைக்குள் இருந்தபடியே ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூல் ஒன்றை 'மனம்போல வாழ்வு' என்று மொழிபெயர்க்கவும் செய்தார். பிறகு கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார்.

கப்பல் என்ன ஆச்சு?

அவர் வெளியே வருவதற்கு முன்பே, 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. எந்த நிறுவனத்தை எதிர்த்து வாங்கினாரோ, அதே நிறுவனத்துக்கே கப்பலை விற்றுட்டாங்க. பங்கு, கப்பல், பயணி என்று எல்லாவற்றையும் திரட்டிய ஒருத்தரை உள்ளே தள்ளியதும், வெளியே அந்தப் பாரத்தைத் தூக்க ஆளில்லை. கடல் தொழில் சொல்லித்தரும் கல்விக்கூடமும் தாளோடு நின்றுபோனது.

மறுபடியும் கோவை

வக்கீல் உரிமமும் பறிபோனதால், சென்னையில் மண்ணெண்ணெய் வரை விற்றுப் பிழைத்தார். 1920-களில் மீண்டும் கோவைக்கு வந்து வங்கியில் மேலாளர் வேலை பார்த்தார். வருமானம் போதவில்லை. உரிமத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தார். நீதிபதி வாலஸ் அனுமதி கொடுத்தார். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வைத்தார் வ.உ.சி.

பிறகு கோவில்பட்டி, தூத்துக்குடி என்று வக்கீல் தொழிலுக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18-ம் தேதி தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அவருடைய கப்பல்கள் புறப்பட்ட தூத்துக்குடியின் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது 2011-ல்தான். அதற்குள் கப்பல் கைமாறி 100 வருஷம் ஆகியிருந்தது.