78 விக்கெட்தான், ஆனாலும் ஜாம்பவானா? ஹரால்ட் லார்வுட்டின் கதை

எல்லாக் காலத்துக்கும் சிறந்த வேகப்பந்து வீச்சாளர் யார்? நண்பர்களோடு இந்த வாக்குவாதம் வந்தால் என்ன செய்வீங்க? கைப்பேசியை எடுத்து விக்கெட் கணக்கையும் சராசரியையும் தேடுவீங்க, இல்லையா?

அப்படித் தேடினால் மால்கம் மார்ஷல் உடனே கண்ணில் படுவார். 81 டெஸ்ட், 376 விக்கெட், சராசரி 20.94. இங்கிலாந்தின் ஹரால்ட் லார்வுட்டோ 21 டெஸ்ட், 78 விக்கெட், சராசரி 28.35. இவரைப் போய் ஏன் அந்தப் பட்டியலில் சேர்க்கிறாங்கன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

சுரங்கத்திலிருந்து மைதானத்துக்கு

லார்வுட் 1904இல் நாட்டிங்ஹாம்ஷியரில் ஒரு சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். 14 வயதில் அவரும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். அவ்வளவு உயரமும் இல்லை. ஆனாலும் 1926இல் இங்கிலாந்து அணியில் இடம்பிடித்தார்.

1930இல் ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் ஒரே தொடரில் 974 ஓட்டங்கள் குவித்தார். அந்தத் தொடரில் லார்வுட் எடுத்தது வெறும் 4 விக்கெட்.

பாடிலைன்

1932-33இல் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்து அணிக்கு டக்ளஸ் ஜார்டின் தலைவர். பிராட்மனை அடக்க அவர் ஒரு திட்டம் போட்டார். பந்து உடம்பை நோக்கி எழும்பி வரணும், அதைத் தடுக்கும்போது பிடிக்க லெக் பக்கம் ஆட்கள் நெருங்கி நிற்கணும். அதைச் செய்ய வேகமும் குறியும் சேர்ந்த ஒருவர் தேவை. அவர்தான் லார்வுட்.

அந்தத் தொடரில் அவர் 33 விக்கெட் எடுத்தார், சராசரி 19.51. பிராட்மனின் சராசரி 56.57க்கு இறங்கியது. அவரது வாழ்நாள் சராசரி 99.94 என்பதை நினைச்சுப் பாருங்க. இங்கிலாந்து 4-1 என வென்றது.

ஆனால் அப்போது தலைக்கவசம் கிடையாது. அடிலெய்டில் லார்வுட்டின் பந்து ஆஸ்திரேலிய அணித்தலைவர் வுட்ஃபுல்லின் நெஞ்சில் பட்டது. இன்னொரு பந்தில் ஓல்ட்ஃபீல்டின் மண்டையோட்டில் விரிசல் விழுந்தது. இரு நாட்டு உறவே ஆட்டம் கண்டது.

விலை கொடுத்தது யார்?

திட்டம் போட்ட ஜார்டின், அடுத்த பயணத்தில் இந்தியாவுக்கும் இங்கிலாந்து அணித்தலைவராகப் போனார். லார்வுட்டிடமோ மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தலைவர் சொன்னபடிதான் வீசினோம் என்பதால் அவர் மறுத்துவிட்டார். 28 வயதில் ஆடியதே அவருடைய கடைசி டெஸ்ட். அதில் மட்டையால் 98 ஓட்டங்களும் எடுத்திருந்தார்.

பிறகு பிளாக்பூலில் மிட்டாய்க் கடை நடத்தினார். 1950இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்தார். அதற்கு உதவியவர் ஜாக் ஃபிங்கிள்டன். ஒரு காலத்தில் லார்வுட்டின் பந்துகளை எதிர்கொண்ட அதே ஆட்டக்காரர். 1995இல் சிட்னியில் லார்வுட் காலமானார்.

அப்போ எப்படி எடை போடுவது?

எதிர்வாதமும் வலுவானதுதான். பாடிலைன் தொடரைக் கழித்துவிட்டால் 16 டெஸ்ட்டில் 45 விக்கெட், சராசரி ஏறக்குறைய 35. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் அவர் சாதாரணம்தான் என்று நீங்க வாதாடலாம். ஆனால் முதல்தர ஆட்டங்களில் அவர் 17.51 சராசரியில் 1,427 விக்கெட் எடுத்தார் என்று உங்க நண்பர் பதில் சொல்லலாம்.

வேகத்தை அளக்க அன்று கருவி இல்லை. லெக் பக்கம் பின்னால் எத்தனை பேர் நிற்கலாம் என்ற வரம்பும் இல்லை. அதனால் பழைய வீச்சாளரை எடை போடும்போது யாருக்கு எதிராக, எந்த விதியில், எப்படிப்பட்ட ஆடுகளத்தில் வீசினார்னு சேர்த்துக் கேளுங்க. லார்வுட்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அவர் வீசிய விதம் மறுபடி வரக்கூடாது என்றே விதிகளைத் திருத்தினார்கள். 78 விக்கெட்டோடு அதையும் கணக்கில் சேர்த்து, நீங்களே முடிவு செய்யுங்க.