சிங்கத்தின் வாயில் லிவிங்ஸ்டன்

ஆப்பிரிக்கக் காடுகளில் ஆயிரக்கணக்கான மைல் நடந்தவர் டாக்டர் டேவிட் லிவிங்ஸ்டன். விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவரே. ஆனால் இந்தப் பயணங்களுக்கு முன்பே, 1844-ல், ஒரு சிங்கம் அவர் கதையை முடித்திருக்கும்.

லிவிங்ஸ்டன் 1813-ல் ஸ்காட்லாந்தில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தார். பத்து வயதில் பஞ்சாலை வேலைக்குப் போனார். காலை 6 மணிக்குப் போனால் இரவு 8 மணிக்குத்தான் விடுவார்கள். முதல் வாரக் கூலியில் லத்தீன் இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதை இயந்திரத்தின் மேல் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவிலேயே படித்தார். டாக்டரானார், பாதிரியாரும் ஆனார். 1841-ல் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கே மபோட்சா என்ற ஊரில் குடியேறினார். அந்த ஊரில் சிங்கத் தொல்லை பொறுக்க முடியவில்லை. இரவில் பட்டியில் புகுந்து மாடுகளை அடித்தன. பட்டப் பகலிலும் வந்தன. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று மக்கள் பயந்தார்கள். ஒரு சிங்கத்தைக் கொன்றால் மற்றவை ஓடிவிடும் என்பது லிவிங்ஸ்டனுக்குத் தெரியும். துப்பாக்கியோடு புறப்பட்டார்.

ஊரார் ஒரு சிறு குன்றை வளைத்தனர். சிங்கங்கள் வளையத்தை உடைத்துக்கொண்டு தப்பின. எல்லோரும் திரும்பும் வழியில், ஒரு புதருக்குப் பின்னே, பாறை மேல் ஒரு சிங்கம் உட்கார்ந்திருந்தது. தூரம் சுமார் 30 கஜம். லிவிங்ஸ்டன் இரட்டைக் குழலையும் சுட்டார். குண்டு பட்டது. ஆனால் சிங்கம் சாகவில்லை. அதன் வால் கோபத்தில் விறைத்து நின்றது. மறுபடி மருந்து கெட்டிக்கும் வரை யாரும் கிட்டே போக வேண்டாம் என்று தடுத்தார்.

அவர் குண்டை இடித்துக்கொண்டிருந்தார். கூச்சல் கேட்டது. திரும்பினார். சிங்கம் பாய்ந்துவிட்டது!

தோளைக் கவ்வியது. இருவரும் உருண்டனர். நாய் எலியை உதறுவது போல அவரை உதறியது. காதருகே பயங்கர உறுமல். ஆனால் அந்த நேரத்தில் வலியும் தெரியவில்லை, பயமும் தெரியவில்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். அது கடவுளின் கருணை என்று நினைத்தார்.

கையில் இருந்தது வெறும் துப்பாக்கி. அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவரைக் காப்பாற்றியவர் மெபால்வே என்ற ஆப்பிரிக்கப் பள்ளி ஆசிரியர். உலகம் அதிகம் பேசாத பெயர் இது.

மெபால்வே 10, 15 கஜ தூரத்தில் நின்று குறிபார்த்தார். இரண்டு குழலும் வெடிக்கவில்லை! ஆனாலும் சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு மெபால்வே மேல் பாய்ந்தது, தொடையைக் கடித்தது. இன்னொருவர் ஈட்டியோடு ஓடி வந்தார். முன்பு காட்டெருமை முட்டியபோது லிவிங்ஸ்டன் வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்த மனிதர் அவர். சிங்கம் அவர் தோளையும் பிடித்தது. அதற்குள் முதலில் பட்ட குண்டுகள் வேலை செய்தன. சிங்கம் விழுந்து செத்தது. மூவரும் பிழைத்தனர்.

லிவிங்ஸ்டனின் இடது மேல்கை எலும்பு நொறுங்கிவிட்டது. சதையில் 11 பல் காயங்கள். கெட்டித் துணிச் சட்டை போட்டிருந்ததால் பல்லில் இருந்த விஷம் துணியிலேயே துடைபட்டது என்று அவர் நம்பினார். மற்ற இருவரின் காயங்கள்தான் அதிகத் தொல்லை கொடுத்தன. ஆனால் லிவிங்ஸ்டனின் எலும்பு சரியாகக் கூடவில்லை. பிறகு அந்தக் கையை நன்றாகத் தூக்க முடியவில்லை. குருமான் என்ற ஊரில் ஓய்வெடுத்தார். அங்கே ஒரு பாதிரியார் மகள் மேரியைக் கண்டார். 1845-ல் திருமணம். சிங்கம் செய்த ஒரே உபகாரம்!

1873-ல், இன்றைய ஜாம்பியா நாட்டில், சிட்டாம்போ என்ற தலைவரின் ஊரில் லிவிங்ஸ்டன் இறந்தார். சூசி, சூமா என்ற ஊழியர்களும் தோழர்களும் அவர் இருதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, பல மாதங்கள் சுமந்து கடற்கரை சேர்த்தார்கள்.

உடல் கப்பலில் இங்கிலாந்து வந்தது. முகத்தைப் பார்த்து அவர்தான் என்று சொல்ல முடியாத நிலை. சர் வில்லியம் பெர்குசன் என்ற டாக்டர் இடது கையைப் பரிசோதித்தார். கூடாமல் நின்ற அந்தப் பழைய எலும்பு முறிவு அங்கே இருந்தது. 1874 ஏப்ரல் 18-ம் தேதி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.