முள்ளெலி முட்டையும் புற்றுநோயும்

கடல் முள்ளெலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பந்து போன்ற உடம்பு, சுற்றிலும் முள். அதன் முட்டையை உற்றுப் பார்த்தே புற்றுநோயின் மூலத்தை ஊகித்த மேதை தியோடர் பொவேரி.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 1862 அக்டோபர் 12-ல் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். கல்லூரியில் முதலில் எடுத்தது வரலாறும் தத்துவமும்! விரைவிலேயே அறிவியலுக்கு மாறிவிட்டார். 1893-ல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஆராய்ச்சிக்காக இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்துக்குச் செல்வார். 1897-ல் அவர் மணந்த மார்செல்லாவும் உயிரியல் பேராசிரியைதான், அமெரிக்கர்.

முள்ளெலி முட்டையில் ஒரு விந்தணு சேர்ந்தால் 36 குரோமோசோம்கள் இருக்கும். பொவேரி இரண்டு விந்தணுக்களைச் சேர வைத்தார். 54 ஆயிற்று! அந்த முட்டை ஒரேயடியாக நான்கு செல்களாகப் பிரிந்தபோது குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்குபோயின. பெரும்பாலான கருக்கள் உருக்குலைந்து இறந்தன. அப்படியானால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டு என்று 1902-ல் அறிவித்தார். பொறுமையாக எண்ணி எண்ணியே கண்ட உண்மை இது!

பெருக்கத்தைத் தடுக்கும் குரோமோசோம் தொலைந்துபோனால் அந்தச் செல் அடங்காமல் பெருகுமே, அதுதான் புற்றுநோயோ? இதை 1914-ல் நூலாக எழுதினார். மருத்துவ உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோ நோயாளி. பெர்லினில் தேடி வந்த தலைமைப் பதவியையும் உடல்நலக் குறைவால் மறுத்திருந்தார். 1915 அக்டோபர் 15-ல், 53 வயது நிறைந்த மூன்றாம் நாள், காலமானார். நூலை மறக்காதவர் மார்செல்லா. 1929-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

1979-ல் பி53 என்ற புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுநோயைத் தூண்டுவது என்றே முதலில் நினைத்தார்கள். தடுப்பது என்று 1989-ல்தான் புரிந்தது. செல்லின் டி.என்.ஏ. பழுதானால் பி53 செல் பிரிவதை நிறுத்தி, பழுதுபார்க்க நேரம் தரும். பழுது தீராவிட்டால்? செத்துப்போகச் சொல்லும்! உடனே செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழும். அதில் கசியும் புரதம் கேஸ்பேஸ் என்னும் நொதிகளை எழுப்பும். அவை செல்லை உள்ளிருந்தே வெட்டிச் சாய்க்கும். துண்டுகளைப் பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, புண் இல்லை! மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தக் காவலாளியின் மரபணு கெட்டிருக்கிறது.

அந்த மரபணு இருப்பது நமது 17-வது குரோமோசோமில். பொவேரி காலத்தில் மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்றே சரியாகத் தெரியாது. 46 என்று உறுதியானது 1956-ல்தான்.