பொதுப்பணத்துக்குக் காவலிட்ட சாணக்கியர்

இற்றைக்கு ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னர் பாரத நாட்டின் மகத தேசத்தை நந்த வம்சத்தினர் பாடலிபுத்திரத்திலிருந்து ஆண்டு வந்தனர். பெருஞ்செல்வம் குவித்தும் குடிகளின் அன்பைப் பெறாத அம்மரபை வீழ்த்திச் சந்திரகுப்த மௌரியரை அரியணையேற்றியவர் சாணக்கியர் என்பர். கௌடில்யர், விஷ்ணுகுப்தர் என்பனவும் இவருக்கு வழங்கும் பெயர்களாகும். எமது நாட்டின் மகாவம்சமும் இவரைக் குறிப்பிடுகின்றது.

நந்தனின் சபையில் அவமதிக்கப்பட்ட சாணக்கியர் அவன் குலத்தை வேரறுப்பதாகச் சபதம் செய்தார். முதல் முயற்சி தோல்வியுற்றது. மறைந்து திரிந்த நாளில், சுடுகஞ்சியின் நடுவே கைவைத்துச் சுட்டுக்கொண்ட பிள்ளையை ஒரு பெண் கண்டிப்பதைக் கேட்டார். தலைநகரை நேரே தாக்கிய தமது தவறு அப்போது விளங்கியது. எல்லைப்புறங்களை முதலிற் கைப்பற்றி வென்றார் எனச் சமண மரபுக் கதை கூறும். கி.மு. 321 அளவில் சந்திரகுப்தர் முடிசூடினார். முடியைப் பெற்றுக்கொடுத்தவரோ பழங்குடிசையில் வாழ்ந்ததாக விசாகதத்தரின் முத்திராராட்சச நாடகம் காட்டுகின்றது.

இவர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம் 15 அதிகரணங்களைக் கொண்டது. இன்றுள்ள வடிவம் சில நூற்றாண்டுகள் பிந்தியது என ஆய்வாளர் பலர் கருதுவர். அரசு நிலைப்பதற்குப் படையைப் போலவே திறைசேரியும் இன்றியமையாதது என்பது அந்நூலின் துணிபு. அதிகாரிகள் பொதுப்பணத்தைக் கையாடும் வழிகள் 40 என அது எண்ணிக் காட்டுகின்றது. ஆண்டு தோறும் ஆடி மாதத்தில் கணக்குகள் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒரு பகுதிக்கு ஒருவரே நிரந்தரத் தலைவராக இருத்தலாகாது என விதிக்கின்றது. இன்றைய கணக்காய்வும் இடமாற்றமும் நோக்குவது இதனையே அன்றோ!

எனினும் அந்நூல் கூறும் யாவும் ஏற்கத்தக்கனவல்ல. திறைசேரி வற்றிய காலத்தில் ஆலயச் செல்வத்தையும், மக்களின் பக்தியையும் சூழ்ச்சியாற் பயன்படுத்த அது வழி சொல்கின்றது. ஒற்றர் வலையும் கடுந்தண்டனையும் அதில் நிறைந்துள்ளன.

நெடுங்காலம் மறைந்திருந்த இந்நூலின் கிரந்த எழுத்து ஓலைச்சுவடியை மைசூர் நூலகத்தில் 1905ஆம் ஆண்டு கண்டெடுத்த சாமசாஸ்திரி, 1909இல் அதனை அச்சேற்றினார். அதன்பின் உலகமே சாணக்கியரை அறிந்தது.

பொதுப்பொருளைப் பொறுப்பேற்பவர் நல்லவராயிருந்தால் மட்டும் போதாது. கேட்டவுடன் காட்டக்கூடிய கணக்கும் அவரிடம் இருத்தல் வேண்டும். சாணக்கியரின் சூழ்ச்சிகள் அவர் காலத்தோடு போகட்டும். இப்பாடம் எக்காலத்துக்கும் உரியதாகும்.