ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி: மட்டையால் வென்றார், பந்தயத்தில் தோற்றார்

கிரிக்கெட்டுக்கு பிராட்மேன் எப்படியோ, அமெரிக்காவின் பேஸ்பாலுக்கு ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி ஏறக்குறைய அப்படி. வலது கை மட்டையாளர்களில் அவரைவிடச் சிறந்தவர் இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

1896-இல் டெக்சாஸ் மாநிலத்தின் விண்டர்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 19 வயதில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு வந்தார். பேஸ்பாலில் பத்து வாய்ப்புகளில் மூன்றில் அடித்தாலே நல்ல மட்டையாளர் என்பார்கள். ஹார்ன்ஸ்பியின் 1924-ஆம் ஆண்டுச் சராசரி .424. அதாவது பத்துக்கு நான்குக்கும் மேல்! 1926-இல் வீரராகவும் அணி மேலாளராகவும் இருந்து, பேப் ரூத் ஆடிய நியூயார்க் யாங்கீஸை வென்று, கார்டினல்ஸுக்கு முதல் உலகத் தொடர் பட்டத்தை வாங்கித் தந்தார்.

ஒழுக்கத்திலும் கண்டிப்பானவர். புகை, குடி இரண்டும் கிடையாது. கண் கெட்டுவிடும் என்று சினிமாகூடப் பார்க்க மாட்டார். ஆனால் குதிரைப் பந்தயத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை.

1927-லேயே ஒரு பந்தய முகவர் பாக்கி கேட்டு வழக்குப் போட்டார். அதில் ஹார்ன்ஸ்பி தப்பினார்; பழக்கம் தொடர்ந்தது. ஆட்டம் தளர்ந்து, மேலாளர் வேலையே பிழைப்பாகிவிட்ட காலத்தில், சிகாகோ கப்ஸ் அணியில் தன் கீழ் ஆடிய வீரர்களிடமே கடன் வாங்கியிருந்தார். அணியை நடத்துபவரே வீரர்களுக்குக் கடன்பட்டிருந்தால், அவரால் யாரைக் கண்டிக்க முடியும்? 1932 ஆகஸ்டில் கப்ஸ் அவரை நீக்கியது. விளையாட்டின் தலைமை ஆணையர் லாண்டிஸ் கடன் விவகாரத்தை விசாரித்தார். அந்த ஆண்டு கப்ஸ் உலகத் தொடருக்குப் போனது. பரிசுப் பணத்தில் ஹார்ன்ஸ்பிக்கு ஒரு பங்குகூட இல்லை என்று வீரர்கள் முடிவெடுத்தார்கள்.

பந்தயம் கட்டுவதும் பங்குச்சந்தையில் பணம் போடுவதும் ஒன்றுதான் என்பது அவர் வாதம். 1937-இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியும் பந்தயப் பழக்கத்துக்காகவே அவரை வெளியேற்றியது. அடுத்த 15 ஆண்டுகள் எந்தப் பெரிய லீக் அணியும் அவரை மேலாளராக அழைக்கவில்லை.

1942-இல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. பின்னாளில் சிகாகோவில் சிறுவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். சினிமா பார்க்காமல் காத்த கண்ணிலும் கடைசியில் புரை விழுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் போனவர், 1963 ஜனவரி 5 அன்று மாரடைப்பால் காலமானார்.

குடித்தால் வாடை வரும், புகைத்தாலும் வாடை வரும், வீட்டில் தெரிந்துவிடும். சூதுக்கு வாடை இல்லை. இன்று அது கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. நம் வீட்டில் யாராவது திடீரென்று அடிக்கடி கைமாற்று கேட்டால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்போம்.