பெ. சுந்தரம் பிள்ளையின் ஆங்கில ஆய்வுரையும் பிறர்மதம் களையும் நெறியும்

ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, மனோன்மணீயம் (1891) என்னும் நாடகத்தால் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் அவர்தம் ஆங்கில ஆய்வுரைகளே அவரை அறிஞராக நிறுவின என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

திருஞானசம்பந்தர் காலம் பற்றிய அவரது உரை 1896இல் இந்தியன் ஆண்டிகுவரி இதழில் வெளிவந்தது. சம்பந்தர் சைவத்துக்கு மீட்ட கூன்பாண்டியனை மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனாகக் கொண்டு, சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டினராகக் கால்டுவெல் கருதியிருந்தார். பெயர் பெற்ற பாதிரியார் ஒருவரின் கூற்றைத் தமிழர் ஒருவர் ஆங்கிலத்திலேயே மறுப்பது அந்நாளில் எளிய செயலன்று. பிள்ளை வசைமொழியும் ஆளவில்லை; வழிபாட்டுமொழியும் ஆளவில்லை. எதிர்த்தரப்பின் சான்றினை அதன் வலிமையோடு முன்வைத்து, பின்னரே அதனைக் களைந்தார். பிறர் மதத்தை மேற்கொண்டு களைதலை எழுவகை மதத்துள் ஒன்றாக நன்னூல் வகுத்திருத்தல் ஈண்டு நினையத்தக்கது. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவர் அல்லர் என்பது அவர் கண்ட முடிபு.

இம்முடிபு கொங்குநாட்டையும் தொடுகிறது. இன்றைய திருப்பூர் மாவட்டத்து அவிநாசியையும் திருமுருகன்பூண்டியையும் பாடிய சுந்தரர், தம் திருத்தொண்டத்தொகையில் சம்பந்தரைப் போற்றுகிறார். அத்தொகையை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் காப்பியமாக்கினார். சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டில் நிறுத்தினால் இத்தொடர் முழுதும் தலைகீழாகும். பின்னின்றோர் கூற்றே முன்னின்றோர் காலத்துக்கு எல்லை வகுக்கும் இம்முறையில், பக்திப் பனுவலும் வரலாற்றுச் சான்றாகிறது.

கால்டுவெல்லை மறுத்தவர் அவரை முற்றும் விலக்கினாரல்லர். திராவிட மொழிகளின் உறவு பற்றிக் கால்டுவெல் 1856இல் நிறுவிய கருத்து, மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தில், தமிழின் வயிற்றிலிருந்து ஏனைய மொழிகள் உதித்தனவாக உருமாறி நிற்கிறது. கால்டுவெல் அம்மொழிகளை ஒரு மூலமொழியின் கிளைகளாகவே கண்டார். பிள்ளையோ தமிழையே தாயாக்கினார். ஆய்வுரையில் பெயர் சுட்டி மறுக்கப்பட்டவர், பாடலில் பெயர் சுட்டாமலே ஏற்கப்படுவதும் மாற்றப்படுவதும் தனித்து ஆராயத்தக்கவை.

1897 ஏப்ரலில், 42ஆம் அகவையில், பிள்ளை மறைந்தார். சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் பங்குகொண்ட செய்தியைப் பல்லவர் வரலாற்றோடு பொருத்திய கல்வெட்டறிஞர் வெங்கையாவின் ஆய்வும் சம்பந்தரை 7ஆம் நூற்றாண்டிலேயே நிறுத்திற்று.