சிறகில் நிலைத்த பெயர்

நுழையும்முன்

ஓர் உயிரினத்தின் பெயர் அதன் நிறத்தைச் சொல்லலாம். வாழும் இடத்தைச் சொல்லலாம். அரிதாக, ஒரு மனிதரின் வாழ்வையும் சொல்லலாம். பிரிட்டனின் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சி 'கிளான்வில்' என்னும் பெயரைத் தாங்கியிருக்கிறது. அறிவு வேட்கையைப் பித்து என்று தீர்ப்பளித்த ஒரு காலத்தில் வாழ்ந்து மறைந்த பெண்ணின் பெயர் அது. அவருடைய வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

தொடக்கக் கோடையின் விருந்தாளி

பிரிட்டனில் குளிர்காலம் நீண்டது. மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். புல்வெளிகள் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். மே மாதம் பிறந்ததும் காட்சி மாறுகிறது. வேலிப் புதர்கள் வெண்மலர் சூடுகின்றன. பகற்பொழுது நீள்கிறது. கூட்டுப்புழுவாய் உறங்கிய உயிர்கள் உறை கிழித்து வெளிவந்து, ஈரச் சிறகை வெயிலில் உலர்த்துகின்றன.

அவ்வாறு வெளிவருவனவற்றுள் ஒன்று 'கிளான்வில் ஃபிரிட்டிலரி'. செம்மஞ்சள் நிறச் சிறகில் கருங்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டியதுபோல் தோன்றும். மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஜூன் இறுதிவரையே இது பறந்து திரியும். வெயில் மறைந்தால் புல்லிடையே ஒடுங்கிவிடும். வெயில் வந்தால் விரைந்து சிறகடித்துப் பின் அசையாமல் மிதந்து செல்லும். சில வாரங்களே காணக்கிடைக்கும் இந்த உயிரைக் காண்பதற்காகவே இன்றும் பலர் பயணம் செய்கின்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதனைத் தேடிச் சேகரித்து அறிஞர் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் எலினோர் கிளான்வில்.

பிறப்பும் உடைமையும்

எலினோர், குட்ரிக் என்னும் செல்வக் குடியில் ஏறத்தாழ 1654ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வழியாக அவருக்குப் பெருஞ்சொத்து வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் பகுதியில் உள்ள டிக்கன்ஹாம் கோர்ட் என்னும் மாளிகையும் அதனுள் அடங்கும். சதுப்பு நிலமும் புல்வெளியும் வேலிப் புதர்களும் சூழ்ந்த ஊர் அது. பூச்சிகளை நேசிக்கும் ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு வாய்க்காது.

எட்மண்ட் ஆஷ்ஃபீல்ட் என்பவரை அவர் முதலில் மணந்தார். அவர் இளமையிலேயே இறந்தார். பின்னர் 1685ஆம் ஆண்டு ரிச்சர்ட் கிளான்வில் என்பவரை மணந்தார். இந்த இரண்டாம் திருமணமே அவருடைய வாழ்வின் பெருந்துயருக்கு வித்தாயிற்று.

புழுக்களைத் தேடியவர்

அக்காலத்தில் பூச்சிகளைப் பற்றிய அறிவு தவழும் பருவத்தில் இருந்தது. அழுகிய பொருள்களிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று மக்கள் நம்பினர். இறைச்சியின்மீது ஈக்கள் முட்டையிட்டாலன்றிப் புழுக்கள் தோன்றா என்பதை இத்தாலிய அறிஞர் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668ஆம் ஆண்டு ஆய்வின் வழியே காட்டியிருந்தார். எனினும், அவ்வுண்மை ஊர்ப்புறங்களை எட்டவில்லை. இலையைத் தின்னும் அருவருப்பான புழுவும் மலரில் அமரும் அழகிய வண்ணத்துப்பூச்சியும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பது பலருக்கு விளங்காத புதிராகவே இருந்தது.

அப்புதிரை விடுவிக்க ஒரே வழிதான் உண்டு. புழுவைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது எந்தச் செடியை உண்கிறது என்று கண்டறிந்து, அதே இலையை நாள்தோறும் கொடுத்து வளர்க்க வேண்டும். கூடு கட்டும்வரை பொறுத்திருந்து, கூட்டிலிருந்து வெளிவருவது எது என்று பார்க்க வேண்டும். இதற்குச் செல்வம் தேவையில்லை, பொறுமை தேவை. எலினோரிடம் அப்பொறுமை இருந்தது.

வேலிப் புதரின் அடியில் துணியை விரித்து, நீண்ட கழியால் கிளைகளைத் தட்டுவார். இலைகளில் ஒட்டியிருக்கும் புழுக்கள் துணியில் உதிரும். அவற்றைப் பொறுக்கி எடுத்துச் செல்வார். இன்றைய பூச்சியியலாளரும் கையாளும் எளிய முறையே இது. ஆனால், மாளிகைக்கு உரிய சீமாட்டி ஒருவர் புதர் புதராக அலைந்து புழுப் பொறுக்குவதை ஊரார் வியப்போடும் ஏளனத்தோடும் பார்த்தனர்.

அறிஞர் அவையில் ஓர் இடம்

ஊர் எள்ளியதை இலண்டன் அறிஞர்கள் மதித்தனர். அவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் பெட்டிவர். மருந்து வணிகரான இவர், உலகின் பல பகுதிகளிலிருந்தும் செடிகளையும் பூச்சிகளையும் வரவழைத்துத் தொகுத்தவர். பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றிற்கு முதன்முதலாகப் பெயர் சூட்டியவர். எலினோர் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். தாம் சேகரித்த பூச்சிகளை அவருக்கு அனுப்பினார். எலினோரின் தொகுப்பு தங்கள் தொகுப்புகளையும் விஞ்சியது என்று அக்கால இயற்கை ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டனர். பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் அறிவியல் கழகமும் கதவடைத்திருந்த காலத்தில் அவர் பெற்ற இம்மதிப்பு சிறியதன்று.

லிங்கன்ஷயர் பகுதியில் அவர் கண்டெடுத்த செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் பெட்டிவரின் கைக்குச் சென்றது. கிடைத்த இடத்தைக் கொண்டு, 'லிங்கன்ஷயர் ஃபிரிட்டிலரி' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். கண்டெடுத்தவரின் பெயர் அப்போது அதற்குச் சூட்டப்படவில்லை.

தெரிந்து தெளிவோம்

எலினோர் வாழ்ந்த அதே காலத்தில், ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் என்னும் ஓவியர் புழுக்களை வளர்த்து, அவற்றின் வளர்நிலை மாற்றங்களை வரைந்து, 1679ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பின்னர்த் தம் மகளோடு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கடல்வழி சென்று அங்குள்ள பூச்சிகளையும் ஆராய்ந்தார்.

இல்லறத்தில் மூண்ட தீ

அக்கால ஆங்கிலச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் உடைமை பெரும்பாலும் கணவனின் ஆளுகைக்குள் சென்றுவிடும். மணமான பெண்கள் தம் சொத்தைத் தம்முடையதாகவே வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் இங்கிலாந்தில் கிடைத்தது. எலினோர் வாழ்ந்ததோ அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னர்.

ரிச்சர்ட் கிளான்வில் கொடிய இயல்பினர். துப்பாக்கியைக் காட்டி மனைவியை அச்சுறுத்தினார். இருவரும் பிரிந்த பின்னரும் எலினோரின் சொத்தின்மீது அவர் வைத்த கண் அகலவில்லை. பிள்ளைகளையும் தாய்க்கு எதிராகத் திருப்ப முயன்றார். பெற்ற பிள்ளைகளே பகையாகும் நிலையைக் கண்ட எலினோர், தம் சொத்தைப் பொறுப்பாளர்களின் கையில் ஒப்படைத்தார். தமக்குப் பின் அதன் பெரும்பகுதி உறவினரான ஹென்றி குட்ரிக்குக்குச் சேரவேண்டும் என்றும், பிள்ளைகளுக்குச் சிறுபகுதியே உரியது என்றும் உயில் எழுதினார். 1709ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார்.

வெல்ஸ் நகர வழக்கு

முதல் கணவருக்குப் பிறந்த மகன் ஃபாரஸ்ட் அந்த உயிலை எதிர்த்தார். 1712ஆம் ஆண்டு வெல்ஸ் நகர நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. உயிலை முறியடிக்க வேண்டுமானால், அதனை எழுதியபோது தாய்க்கு மனம் தெளிவாக இல்லை என்று நிறுவவேண்டும். தம் பிள்ளைகள் மாய தேவதைகளாக மாறிவிட்டதாகத் தாய் நம்பினார் என்று வாதிடப்பட்டது. அண்டை அயலார் பலர் சாட்சி கூற வந்தனர். அவர் முறையாக உடுத்தாமல் வெளியில் திரிந்தார் என்றனர். துணியை விரித்து வேலியைக் கழியால் அடித்துப் புழுக்களைச் சேர்த்தார் என்றனர்.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று மட்டும் உறுதியாக மெய். எலினோர் வேலியைத் தட்டினார், புழுக்களைப் பொறுக்கினார். ஆனால், ஏன் பொறுக்கினார் என்பதை அவர்கள் அறியவில்லை. ஓர் ஆண் செய்தால் ஆராய்ச்சி என்று போற்றப்பட்ட செயல், ஒரு பெண் செய்தபோது பித்து என்பதற்குச் சான்றாயிற்று. உயில் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மகன் வென்றார், இறந்துபோன தாயின் இறுதி விருப்பம் தோற்றது.

கதையும் ஆவணமும்

இவ்வழக்கு முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, மோசஸ் ஹாரிஸ் என்னும் பூச்சியியல் ஓவியர் 1766ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஆரீலியன்' என்னும் நூலில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார். அவர் சொன்ன கதை வேறு. புகழ்பெற்ற இயற்கை அறிஞர் ஜான் ரே எக்சிட்டர் நகர நீதிமன்றத்திற்கே வந்து, எலினோரின் பணி போற்றத்தக்க ஆய்வு என்று எடுத்துரைத்தார் என்றும், அதனால் உயில் நிலைபெற்றது என்றும் அவர் எழுதினார்.

கேட்பதற்கு இனிய கதை. ஆனால், ஜான் ரே 1705ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். எலினோர் இறந்ததோ 1709இல். வழக்கு நடந்ததோ 1712இல். நடந்த இடமும் எக்சிட்டர் அன்று, வெல்ஸ். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே கதை கலைந்துவிடுகிறது. எனினும், அக்கதை நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. எலினோருக்கு நேர்ந்தது அநீதி என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் உணர்ந்திருந்தனர். நீதிமன்றம் வழங்காத நீதியைக் கதையிலேனும் வழங்க அவர்கள் விரும்பினர் போலும்!

உண்மையான நீதி வேறு வடிவில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர்கள் அந்தச் செம்மஞ்சள் பூச்சிக்குக் கிளான்வில் பெயரைச் சூட்டினர். லிங்கன்ஷயர் என்னும் ஊர்ப்பெயர் மறைந்தது. கண்டெடுத்தவரின் பெயர் நிலைத்தது.

இன்றும் பறக்கும் பெயர்

பெட்டிவரின் தொகுப்புகள் அவர் மறைவுக்குப்பின் ஹான்ஸ் ஸ்லோனின் கைக்கு வந்தன. ஸ்லோனின் சேகரிப்பே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அடித்தளமாயிற்று. அவ்வழியே, எலினோர் அனுப்பிய பூச்சிகளுள் சில இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

உயிருள்ள பூச்சியின் நிலையோ கவலைக்குரியது. எலினோர் கண்ட லிங்கன்ஷயரில் அது இன்று இல்லை. பிரிட்டனில் அதன் முதன்மையான வாழிடமாக எஞ்சியிருப்பது வைட் தீவின் தெற்குக் கடற்கரை. அங்குக் கரைச்சரிவுகள் அடிக்கடி இடிந்து சரிகின்றன. புதிதாக வெளிப்படும் மண்ணில் 'ரிப்வொர்ட் பிளான்டைன்' என்னும் சிறுசெடி முளைக்கிறது. அதன் இலையடியில் தாய்ப்பூச்சி கொத்தாக முட்டையிடுகிறது. செந்தலையும் கருவுடலும் கொண்ட புழுக்கள் கூட்டாகப் பட்டிழை வலை பின்னி அதனுள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சரிவு முற்றிலும் நின்றுவிட்டால் பெரும்புல்லும் புதரும் மண்டிச் சிறுசெடியை மறைத்துவிடும். செடி மறைந்தால் பூச்சியும் மறையும்.

பின்லாந்தின் ஓலந்துத் தீவுகளிலும் இப்பூச்சி வாழ்கிறது. இல்கா ஹன்ஸ்கி என்னும் சூழலியலாளர் 1990களில் தொடங்கி, அங்குள்ள ஏறத்தாழ 4,000 புல்வெளித் திட்டுகளில் ஆண்டுதோறும் இதனைக் கணக்கெடுத்தார். சிதறிய வாழிடங்களில் ஓர் உயிரினம் ஓரிடத்தில் அழிவதும் மற்றோரிடத்தில் மீண்டும் குடியேறுவதுமாக எவ்வாறு நீடிக்கிறது என்பதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது இந்த ஆய்வால்தான். பித்து என்று இகழப்பட்ட தேடலின் பொருளாக இருந்த பூச்சி, இயற்கைப் பாதுகாப்பு அறிவியலுக்கே வழிகாட்டியாயிற்று.

எலினோர் கிளான்வில் நூல் எழுதவில்லை; பட்டம் பெறவில்லை; வழக்கிலும் வெல்லவில்லை. பிறர் காணாததை நின்று கண்டார். பிறர் அருவருத்ததைக் கையிலெடுத்து ஆராய்ந்தார். அவர்மீது சாட்சி சொன்னவர்களின் பெயர்களை இன்று எவரும் நினைப்பதில்லை. அவருடைய பெயரோ ஆண்டுதோறும் மே மாதத்தில் கூடு கிழித்து வெளிவந்து, கடலோர வெயிலில் சிறகு விரிக்கிறது.